32 நொடியில் அறுந்த அழைப்புகள்: தம்பு செட்டித் தெருவில் ஒரு ஐபி போன் பழுது

இணையத்தின் வழியாகப் பேசும் ஐபி போனில் கோளாறு என்று யார் கூப்பிட்டாலும், பேச ஆரம்பித்து எத்தனை நொடியில் கட் ஆகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். "அதெல்லாம் கணக்கே இல்ல சார், இஷ்டத்துக்குக் கட் ஆகுது" என்றே பெரும்பாலும் பதில் வரும். ஆனாலும் எந்த அலுவலகத்திலும் ஒருவராவது அதைக் கவனித்து வைத்திருப்பார். நாள் முழுக்க ரிசீவரைக் காதில் வைத்திருப்பவர் யாரோ அவர்தான் அந்த ஆள். அவரைப் பிடித்துவிட்டால், கருவிகளைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த அலுவலகம் சென்னைப் பாரிமுனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தம்பு செட்டித் தெருவில் இருக்கிறது. கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை, அதாவது சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பது. துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் இந்தத் தொழில் செய்பவர்கள் நிறையப் பேர். அங்கே வியாபாரமே போனில்தான் ஓடுகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நிற்கிற லாரி டிரைவர், கப்பல் கம்பெனி ஏஜென்ட், சரக்கு எப்போது வரும் என்று கேட்கிற பார்ட்டி என்று எல்லோரும் அந்த 044 எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். முன்பு பிஆர்ஐ என்ற டிஜிட்டல் போன் லைன் வைத்திருந்தார்கள். ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம்; பழைய ஈபிஏபிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் பெட்டி சுவரில் தொங்கும். அதை எடுத்துவிட்டு, பைபர் இணையத்தின் வழியாக வரும் போன் லைனான சிப் ட்ரங்குக்கு மாறினார்கள். ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள் ஓடுகிற ஒரு சின்னக் கணினிதான் இப்போது அவர்களின் எக்ஸ்சேஞ்ச், அதாவது பிபிஎக்ஸ். மேசைகளில் இருப்பவை சாதாரண ஐபி போன்கள், சுவிட்சிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகை.

மாறிய பிறகு எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் இணையத் திட்டத்தை வேகமானதற்கு உயர்த்தினார்கள், அதோடு புது ரவுட்டர் வந்தது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து வரும் அழைப்புகள் நடுவில் அறுபட ஆரம்பித்தன.

மேல்மாடியில் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒருவருக்குப் பத்து நொடியில் போகிறது, இன்னொருவருக்கு இருபது. ஒருவர் எடுத்து "ஹலோ" சொல்வதற்குள்ளேயே போய்விட்டதாம். நாம் வெளியே கூப்பிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். போன்கள் பழசாகிவிட்டன, அத்தனையையும் மாற்ற வேண்டும் என்று வேறொரு இடத்திலிருந்து கொட்டேஷனும் வாங்கி வைத்திருந்தார்கள். மேனேஜர் அதை என்னிடம் காட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு ரிசப்ஷனுக்குப் போனேன்.

அங்கே இருந்த அக்கா பிஆர்ஐ காலத்திலிருந்து அதே நாற்காலியில் இருப்பவர். "தம்பி, மேல இருக்கறவங்க சொல்றத விடுங்க. எனக்கு எப்பவும் ஒரே இடத்துலதான் கட் ஆகுது" என்று சொல்லி, தன் குறிப்பு நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வரியிலும் முதலில் பார்ட்டி பெயர், அடுத்து கன்டெய்னர் எண். நான்கு எழுத்து, ஏழு இலக்கம், ஒன்று விடாமல் தெளிவாக இருந்தன. அதற்கு அடுத்த கட்டத்தில் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவத்தின் எண் இருக்க வேண்டும். வரிக்கு வரி அந்தக் கட்டம் மட்டும் காலி. "பேரு கேப்பேன், கன்டெய்னர் நம்பரை எழுதிக்கிட்டு ஒரு தடவை படிச்சுக் காட்டுவேன், பி.இ. நம்பர் சொல்லுங்கம்பேன். அதோட போச்சு."

அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்ததுமே சந்தேகம் ஓரளவு தெளிந்துவிட்டது. போன் பழுதாக இருந்தாலும் கேபிள் பழுதாக இருந்தாலும் இப்படி ஒரே இடத்தில் அறுக்காது. கண்டபடி அறுக்கும், அல்லது குரல் கரகரக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், எங்கேயோ ஒரு கடிகாரம் ஓடி முடிகிறது என்று அர்த்தம். என் மொபைலிலிருந்து அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டு, அக்காவை எடுக்கச் சொல்லி, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். 32 நொடி. மறுபடியும் அதே 32.

மேல்மாடிக் கதைகளும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வெளி அழைப்பை முதலில் எடுப்பது ரிசப்ஷன். கடிகாரம் ஓடத் தொடங்குவது அங்கேதான். அக்கா விசாரித்துவிட்டு இருபதாவது நொடியில் மேலே மாற்றிவிட்டால், மேலே இருப்பவருக்குப் பன்னிரண்டு நொடிதான் மிஞ்சும். முப்பதாவது நொடியில் மாற்றினால் "ஹலோ"வோடு சரி. எல்லோரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அவரவர் கேட்ட பகுதியை மட்டும்.

சிப் நெறிமுறையைப் படித்தவர்களுக்கு 32 நொடி என்ற எண் பழக்கமானது. அதை வரையறுப்பது ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணம், 2002-ல் வந்தது. இன்றைக்கும் அலுவலக ஐபி போன்கள் பேசிக்கொள்வது அதன்படிதான். அதில் டி1 என்று ஒரு அடிப்படை நேர அளவு உண்டு, அரை நொடி. பல கடிகாரங்கள் 64 மடங்கு டி1 என்று அமைந்திருக்கின்றன. 64 அரை நொடி, அதாவது 32 நொடி.

ஓர் அழைப்பு எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்போம். டெலிகாம் கம்பெனியின் சர்வர் நம் பிபிஎக்ஸுக்கு 'இன்வைட்' அனுப்பும். போன் அடிக்கும்போது பிபிஎக்ஸ் '180 ரிங்கிங்' என்று பதில் சொல்லும். ரிசீவரை எடுத்ததும் '200 ஓகே' அனுப்பும். அது கிடைத்ததற்கு அடையாளமாக அந்தப் பக்கத்திலிருந்து 'ஆக்' என்ற சிறு செய்தி வர வேண்டும். இன்வைட், 200 ஓகே, ஆக் மூன்றும் சேர்ந்தால்தான் அழைப்பு உறுதியானதாகக் கணக்கு. ஆக் வரவில்லை என்றால் பிபிஎக்ஸ் அதே 200 ஓகேயை மறுபடி அனுப்பும். அரை நொடி கழித்து, பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி விட்டு, அப்புறம் நான்கு நொடிக்கு ஒரு தடவை. 32 நொடி வரைக்கும் பார்த்துவிட்டு, இனி வராது என்று 'பை' அனுப்பி அழைப்பை முடித்துவிடும்.

இதற்கிடையில் குரல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அது வேறு வழியாகப் போகிறது. சிப் என்பது அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் மட்டும். வழக்கமாக யூடிபி என்ற அனுப்பும் முறையில், 5060 என்ற போர்ட்டில் (வாசல் எண்ணில்) போகும். குரலைத் தூக்கிக்கொண்டு போவது ஆர்டிபி. இந்த அலுவலகத்தில் உள்ளது போல ஜி.711 என்ற முறையில் பேசினால் நொடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 20 மில்லிசெகண்ட் குரல், 160 பைட். எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்குக் குரலை அனுப்ப வேண்டும் என்பதை சிப் செய்திக்குள்ளேயே எஸ்டிபி என்ற ஒரு சிறு பகுதி சொல்லிவிடும். ஆகவே ஒன்று சரியாக இருந்துகொண்டே மற்றொன்று கெட்டுப்போகலாம். "குரல் நல்லாத்தானே கேக்குது, அப்ப லைன்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

சரி, ஆக் ஏன் வரவில்லை?

பிபிஎக்ஸ் கணினியில், சிப் செய்திகளைப் பிடித்துக் காட்டும் எஸ்என்கிரெப் என்ற கருவியை ஓட்டினேன். ஐபி போன் வேலை செய்பவர்கள் வேறு எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கருப்புத் திரையில் இரண்டு பக்கமும் இரண்டு முகவரிகள், நடுவில் ஏணிப்படி மாதிரி அம்புக்குறிகளாகச் செய்திகள். இன்வைட் வந்தது, 200 ஓகே போனது. மறுபடி 200 ஓகே, மறுபடி, மறுபடி. ஒரே பக்கமாக அம்புகள் அடுக்கிக்கொண்டே போய் கடைசியில் பை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் அம்புகூட இல்லை.

சிப் செய்தி வெறும் எழுத்துதான், திறந்து கண்ணால் படிக்கலாம். 1996-ல் வந்த எச்.323 நெறிமுறையில் செய்திகள் பைனரியில் இருக்கும், தனிக் கருவி இல்லாமல் ஒன்றும் புரியாது. அந்த வகையில் சிப்பை எழுதியவர்கள் எங்களைப் போன்ற களப் பணியாளர்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்கள். அந்த 200 ஓகேயைத் திறந்து 'காண்டாக்ட்' என்ற வரியைப் பார்த்தேன். 192.168.10.5:5060 என்று இருந்தது. அது பிபிஎக்ஸின் உள் முகவரி. அலுவலகத்துக்கு வெளியே அதற்கு மதிப்பே இல்லை. அதே எண் ஊரில் எத்தனையோ வீடுகளிலும் இருக்கும்.

நெட்வொர்க் படித்தவர்களே இங்கேதான் தடுமாறுகிறார்கள். ரவுட்டர் நாட் செய்கிறதே, உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றித்தானே வெளியே அனுப்புகிறது என்று கேட்பார்கள். மாற்றுகிறது, ஆனால் பாக்கெட்டின் தலைப்பில் மட்டும். தபால்காரர் உறை மேல் இருக்கும் அனுப்புநர் முகவரியைத் திருத்துகிறார்; உள்ளே கடிதத்தில் "பதிலை இந்த முகவரிக்குப் போடவும்" என்று எழுதியிருப்பதை அவர் தொடுவதில்லை. சிப்பில் ஆக் போவது கடிதத்துக்குள் இருக்கிற முகவரிக்கு, அதாவது காண்டாக்ட் வரியில் உள்ளதற்கு. டெலிகாம் சர்வர் ஆக் அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கும், 192.168.10.5-க்கு. அவர்களுடைய நெட்வொர்க்கிலேயே அது தொலைந்துபோகும்.

மற்ற அறிகுறிகளும் இதோடு பொருந்தின. லைன் பிஸி என்று திருப்பி அனுப்பிய அழைப்புகளில் எந்தச் சிக்கலும் இல்லை. அழைப்பு மறுக்கப்படும்போது அதற்கான ஆக் இன்வைட் வந்த வழியிலேயே வரும், காண்டாக்ட் வரியைப் பார்க்காது. நாம் வெளியே கூப்பிடும்போது ஆக் அனுப்புவது நம் பிபிஎக்ஸ். அது டெலிகாம் சர்வரின் பொது முகவரிக்குச் சிரமமில்லாமல் போய்ச் சேரும். ஆனால் அப்படிப் பேசிவிட்டு எதிர்முனையில் வைத்தால் இங்கே என்ன நடக்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். "ஆமாம் தம்பி, அவங்க வெச்சப்புறமும் நம்ம போன்ல டைம் ஓடிக்கிட்டே இருக்கும். நான்தான் வெப்பேன்" என்றார். அவர்கள் அனுப்பிய 'பை'யும் அதே உள் முகவரியைத் தேடிப் போய்த் தொலைந்திருக்கிறது. யாரும் புகாராகச் சொல்லாத இந்த ஒரு விஷயம்தான் எனக்கு முழு நம்பிக்கை தந்தது.

ஒரு முடிச்சு மட்டும் பாக்கி. காண்டாக்ட் வரியில் உள் முகவரி இருக்கிறது என்றால் எஸ்டிபியிலும் உள் முகவரிதானே இருக்க வேண்டும்? அப்படியானால் குரலும் வரக்கூடாதே? எஸ்என்கிரெப்பில் பார்த்தால் எஸ்டிபியிலும் அதே 192.168.10.5 இருந்தது. ஆனாலும் குரல் வந்தது. வழியில் யாரோ மாற்றுகிறார்கள்.

அதைப் பிடிக்க ரவுட்டருக்கு வெளியே பார்க்க வேண்டும். நல்லவேளையாக பைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தன. ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு சின்ன மேனேஜ்டு சுவிட்ச் எப்போதும் என் பையில் இருக்கும். அதை இரண்டுக்கும் நடுவில் போட்டு, போகிற வருகிற எல்லாவற்றையும் ஒரு பிரதி என் லேப்டாப்புக்கு வரும்படி போர்ட் மிரரிங் வைத்தேன். வயர்ஷார்க் என்ற பாக்கெட் பிடிக்கும் கருவியில் பிடித்ததையும் பிபிஎக்ஸில் பிடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே 200 ஓகேயைப் பார்த்தேன். அவர்களுடைய பொது முகவரியை இங்கே எழுத முடியாது. உதாரணங்களுக்கென்றே ஒதுக்கிய 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பிடித்ததில் எஸ்டிபியில் முகவரி இருக்கும் 'சி' வரி 192.168.10.5. வெளியே பிடித்ததில் 203.0.113.25. காண்டாக்ட் வரி இரண்டிலும் 192.168.10.5.

இதைச் செய்வது ரவுட்டருக்குள் இருக்கும் சிப் ஏஎல்ஜி என்ற வசதி. சிப் செய்திகளைத் திறந்து, உள்ளே இருக்கும் முகவரிகளைத் தானே திருத்தி அனுப்புவதற்காக வைத்தது. முழுமையாகச் செய்தால் சரி. பல ரவுட்டர்களில் அரைகுறையாகத்தான் செய்கிறது, எந்த வரியைத் திருத்தும், எதை விடும் என்று சொல்ல முடியாது. பழைய ரவுட்டர் எல்லா வரிகளையும் சரியாகத் திருத்தியிருக்க வேண்டும். பிபிஎக்ஸில் வெளி முகவரி என்ற கட்டம் ஆரம்பத்திலிருந்தே காலியாக இருந்தும் யாருக்கும் தெரியாமல் ஓடியது அதனால்தான். என்னைக் கேட்டால், அலுவலக பிபிஎக்ஸ் இருக்கும் இடத்தில் ஏஎல்ஜியை முதல் நாளே அணைத்துவிட வேண்டும். தன் முகவரி என்ன என்பதை பிபிஎக்ஸே அறிந்து எழுதுவதுதான் முறை. நடுவில் ஒருவர் திருத்தினால் கோளாறு எங்கே என்று தேடுவதே பெரிய வேலையாகிவிடும்.

அணைத்தேன். மெனுவில் அது ஃபயர்வால் பக்கத்தின் அடியில் இருந்தது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளுக்குப் பழைய விதியே ஓடும் என்பதால் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு கூப்பிட்டால், 32 நொடியில் அறுவது அப்படியே இருக்க, இப்போது வெளியிலிருந்து வரும் குரலும் போயிருந்தது. மேனேஜர் முகம் மாறியது. இது இப்படித்தான் ஆகும், இப்போதுதான் கோளாறு முழுசாக வெளியே தெரிகிறது என்று அவருக்குத் திரையைக் காட்டி விளக்கினேன். எஸ்டிபி வரியும் காண்டாக்ட் வரியும் இப்போது இரண்டு பிடிப்பிலும் ஒன்றுபோல் இருந்தன, இரண்டிலும் உள் முகவரி.

பிறகு பிபிஎக்ஸில் இரண்டு விஷயம். ஒன்று, வெளி முகவரி: சிக்னலுக்கும் குரலுக்கும் 203.0.113.25. இன்னொன்று, எவையெல்லாம் உள் நெட்வொர்க் என்ற பட்டியல். இந்தப் பட்டியலில் இல்லாத இடத்துக்குச் செய்தி போகும்போது மட்டும் பிபிஎக்ஸ் வெளி முகவரியை எழுதும். உள்ளே இருக்கும் போன்களுக்கு உள் முகவரியையே சொல்லும். ஆஸ்டரிஸ்கில் பிஜேசிப் என்ற சிப் பகுதியை வைத்திருப்பவர்கள் கவனிக்க: இந்த மாற்றம் டிரான்ஸ்போர்ட் பகுதியைச் சேர்ந்தது, சாதாரண ரீலோடில் ஏறாது. சேவையை முழுசாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மதிய உணவு நேரம் வரை காத்திருந்து செய்தேன்.

ரவுட்டரில் 5060 போர்ட்டையும் குரலுக்கான 10000 முதல் 20000 வரையிலான போர்ட்களையும் பிபிஎக்ஸுக்குத் திருப்பிவிட்டேன். 5060-ஐ டெலிகாம் சர்வரின் முகவரிக்கு மட்டும்தான் திறந்தேன். இந்த ட்ரங்க், பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ரெஜிஸ்டர் செய்யாமல் முகவரியை வைத்தே அடையாளம் காணும் வகை என்பதால் அது போதும். இதில் யாரும் அலட்சியமாக இருக்கக்கூடாது. உலகத்துக்கே 5060-ஐத் திறந்துவைத்தால், கடவுச்சொல்லைத் தேடும் தானியங்கி நிரல்கள் வந்து தட்ட ஆரம்பிக்க அதிக நேரம் ஆகாது. எளிய கடவுச்சொல் உள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் (உள் போன் எண்) சிக்கினால், இரவோடு இரவாக வெளிநாட்டு அழைப்புகள் ஓடி பில் ஏறிவிடும். ஐஎஸ்டி தேவைப்படாத அலுவலகம் என்றால் டெலிகாம் கம்பெனியிடமே அதை மூடச் சொல்லிவிடுங்கள்.

மறுபடி கூப்பிட்டேன். 200 ஓகே ஒரு தடவை போனது, அடுத்த வரியிலேயே எதிர்ப்பக்கத்திலிருந்து ஆக். குரல் இரண்டு பக்கமும். 32-ஐத் தாண்டியும் ஓடியது. என் அழைப்பை முடித்துவிட்டு, அடுத்து வந்த உண்மையான அழைப்பை அக்கா எடுத்தார். பி.இ. எண்ணை எழுதி, அதைத் திருப்பிப் படித்துக் காட்டி, தேதியும் கேட்டு எழுதிக்கொண்டார். கொட்டேஷனை மேனேஜர் ஃபைலில் போட்டுவிட்டார்.

மாதவரத்தில் அவர்களுக்கு ஒரு கிடங்கு இருக்கிறது, அங்கே ஒரு ஐபி போன். அது விபிஎன் (இணையத்துக்குள் போடும் தனிப் பாதை) வழியாக வருகிறது, உள் முகவரி 192.168.20-ல் தொடங்கும். மேலே சொன்ன உள் நெட்வொர்க் பட்டியலில் இதையும் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் பிபிஎக்ஸ் அந்தப் போனை வெளியாளாக நினைத்துப் பொது முகவரியைச் சொல்லும். விபிஎன் உள்ளிருக்கும் போன் குரலை வெளிவழியாக அனுப்பப் பார்க்கும், பேச்சு கேட்காது. வெளி முகவரியை நிரப்பிய கையோடு கிளை அலுவலகத்தில் குரல் போச்சு என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. டைரக்ட் மீடியா என்ற அமைப்பையும் அணைத்துவைத்தேன். அது இருந்தால் இரண்டு போன்களும் பிபிஎக்ஸை ஒதுக்கிவிட்டு நேரடியாகக் குரல் அனுப்பிக்கொள்ள முயலும். நடுவில் நாட்டோ ஃபயர்வாலோ இருந்தால் எடுத்ததும் அமைதியாகிவிடும்.

கிடங்கு போனில் இன்னொரு தொல்லையும் இருந்தது. கப்பல் கம்பெனிக்குக் கூப்பிட்டு, "ஒன்றை அழுத்தவும்" என்றதும் ஒன்றை அழுத்தினால் எதுவும் நடக்காது. யாரோ இணைய வேகத்தை மிச்சப்படுத்த அந்தப் போனில் ஜி.729 என்ற கோடெக்கை (குரலைத் தரவாக்கும் முறை) வைத்திருந்தார்கள், எண் ஒலிகளைக் குரலோடு கலந்தே அனுப்பும்படியும் அமைத்திருந்தார்கள். ஜி.729 மனிதக் குரலைச் சுருக்குவதற்காக உருவானது, நொடிக்கு 8 கிலோபிட்தான். பட்டன் அழுத்தும் ஒலியை அது சிதைத்துவிடும். எண்களைத் தனி நிகழ்வாக ஆர்டிபியில் அனுப்பும் முறைக்கு, அதாவது ஆர்எஃப்சி 4733-க்கு மாற்றினேன். போன்களில் இதை இன்னும் பழைய எண்ணான 2833 என்றே போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். கோடெக்கையும் ஜி.711 ஏ-லாவுக்கே மாற்றிவிட்டேன். இன்றைய பைபரில் 8 கிலோபிட்டுக்காகக் குரலைக் கெடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

சாயங்காலத்தில் குரல் விட்டுவிட்டு வருவதும் அவர்களின் பழைய புகார். நான் கேட்டதும் சொன்னார்கள், ஸ்கேன் செய்த ஆவணங்களை கஸ்டம்ஸ் தளத்தில் ஏற்றுகிற நேரம் அது. எல்லோருக்கும் தோன்றுவது, இணைய வேகம் போதவில்லை என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 160 பைட் குரல், அதன் மேல் 40 பைட் தலைப்பு, நொடிக்கு 50 முறை. 80 கிலோபிட். ஈதர்நெட் உறையையும் சேர்த்தால் சுமார் 87. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. வேகம் தாராளமாக இருந்தது. வரிசைதான் சிக்கல். பெரிய பிடிஎஃப் கோப்புகள் ரவுட்டரின் வெளியேறும் வாசலில் குவிந்து நிற்கும்போது, 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை போக வேண்டிய சின்னக் குரல் பாக்கெட் அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. தாமதமாகப் போவதோடு, ஒன்று சீக்கிரம் ஒன்று மெதுவாக என்று தாறுமாறாகவும் போகும். போன், தாமதத்தைச் சமன்செய்யும் தன் ஜிட்டர் பஃபரில் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், அதற்குப் பிறகு வருவதைத் தூக்கி எறிந்துவிடும். காதில் அது விட்டுவிட்டுக் கேட்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-டியின் ஜி.114 பரிந்துரையின் கணக்கு. ஆவணங்கள் ஏறும் நேரத்தில் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விடுகிறது.

போன்களும் பிபிஎக்ஸும் குரல் பாக்கெட்டில், இதை முன்னால் விடு என்று சொல்லும் டிஎஸ்சிபி 46 என்ற முத்திரையைப் போட்டுத்தான் அனுப்புகின்றன. வெளி இணையத்தில் அதை யாரும் மதிக்கமாட்டார்கள் என்று சொல்லி பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நெரிசல் நம் ரவுட்டரின் வாசலில்தானே இருக்கிறது! அங்கே மதித்தால் போதும். மேலேற்றும் வேகத்தைத் திட்டத்தில் உள்ளதைவிடப் பத்து சதவீதம் குறைத்து ரவுட்டரிலேயே வரம்பு வைத்தேன். அப்படி வைத்தால்தான் வரிசை பைபர் பெட்டியில் சேராமல் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். 46 முத்திரை உள்ளவை எப்போதும் முன்னால் போகும்படி விதி எழுதினேன். ஆவணம் ஏற சில நொடி கூடுதலாக ஆகும், அதை யாரும் உணரவில்லை.

வேறு இடங்களில் இதே மாதிரி கோளாறு பார்ப்பவர்களுக்காக மற்ற கடிகாரங்களையும் சொல்லிவிடுகிறேன். அழைப்பு சரியாக 15 நிமிடத்தில் அறுந்தால் செஷன் டைமரைப் பாருங்கள். வழக்கமான மதிப்பு 1800 நொடி. அதில் பாதியில், 900-வது நொடியில், ஒரு பக்கம் "இன்னும் இருக்கிறாயா" என்று புதுப்பிக்கும் செய்தி அனுப்பும். அதற்குப் பதில் வராவிட்டால் கட். அதுவும் பெரும்பாலும் காண்டாக்ட் வரிக் கோளாறுதான். ரெஜிஸ்டர் செய்யும் வகை ட்ரங்கில், கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் வெளி அழைப்பே வருவதில்லை, நாம் ஒருமுறை வெளியே கூப்பிட்டதும் மறுபடி வர ஆரம்பிக்கிறது என்றால் அது ரவுட்டரின் யூடிபி நினைவு. லினக்ஸில் ஓடும் பல ரவுட்டர்கள் பதில் வராத யூடிபி வழியை 30 நொடியில் மறந்துவிடும். அதற்கும் குறைவான இடைவெளியில் பிபிஎக்ஸிலிருந்து 'ஆப்ஷன்ஸ்' என்ற சிறு சோதனைச் செய்தி போய்க்கொண்டிருந்தால் வழி திறந்தே இருக்கும். எடுத்த உடனே, முதல் நொடியிலிருந்தே ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் டைமரைத் தேட வேண்டாம், எஸ்டிபி முகவரியைப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் யுபிஎஸ்ஸைப் பார்த்தேன். பிபிஎக்ஸ் அதில் இருந்தது, ரவுட்டர் இருந்தது. போன்களுக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சும் பைபர் பெட்டியும் சாதாரண பிளக்கில். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தெருவில் கரண்ட் போகாத நாள் குறைவு. நான்கில் ஒன்று அணைந்தாலும் போன் கிடையாது என்பதால் நான்கையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றினேன்.

பொது முகவரி என்றைக்காவது மாறினால் இந்தக் கோளாறு அப்படியே திரும்பி வரும். திட்டம் மாற்றும்போதும் கம்பெனி மாற்றும்போதும் அது நடக்கும். அதனால் பிபிஎக்ஸில் வெளி முகவரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, ரவுட்டரில் ஏஎல்ஜி எங்கே இருக்கிறது, மாற்றிய பிறகு ரீஸ்டார்ட் வேண்டும் என்பதையெல்லாம் திரைப் படங்களோடு ஒரு தாளில் அச்செடுத்து மேனேஜரிடம் கொடுத்திருக்கிறேன். இன்னொரு பிரதி அக்காவிடம் இருக்கிறது. அதன் ஓரத்தில் 32 நொடி, 15 நிமிடம் என்று எழுதி, எதற்கு என்ன பார்க்க வேண்டும் என்றும் குறித்திருக்கிறேன். அடுத்து வரும் டெக்னீஷியன் நானாக இல்லாமல் இருக்கலாம். அந்தத் தாளைத்தான் முதலில் காட்டச் சொல்லியிருக்கிறேன்.